‘தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடு’ என்று சொல்வதற்கு முன்

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். போன வாரம், அடிக்கடி ஹீட்டாகிறது என்று வந்த காரைப் பார்த்ததும், எங்கள் ஷெட்டுக்குப் புதிதாக வந்த பையன் ஸ்பானரோடு நேராகத் தெர்மோஸ்டாட்டுக்குப் போனான். பழைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது

“மெட்ராஸ் வெயிலுக்கு இது எதுக்குண்ணே?” என்றான். நானும் அப்படிப் பேசியவன்தான். இன்ஜின் தண்ணீர் 80, 85 டிகிரியைத் தொடும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைப்பது அதன் வேலை. வெளியே 40 டிகிரி அடித்தாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான். கழற்றினால் இன்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். சில இன்ஜின்களில், ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் இன்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழி மூடாமலே கிடப்பதால், தண்ணீர் ரேடியேட்டருக்குச் சரியாகப் போகாமல் சூடு இன்னும் ஏறும்.

அதைவிட எரிச்சல், சில வண்டிகளில் டெம்பரேச்சர் மீட்டர் முள் இறங்கி, உண்மையான கோளாறை மறைத்துவிடுவதுதான். ஒரு டாக்ஸிக்காரருக்கு இப்படித்தான் கழற்றிக் கொடுத்தேன். ஊருக்குள் நன்றாக ஓடியது, மகிழ்ந்துபோய் ஸ்வீட் வாங்கி வந்தார். இரண்டு மாதம் கழித்து, ஏசி போட்டு நாலு பேரோடு திண்டிவனம் போன வண்டி கயிறு கட்டித் திரும்பியது. ரேடியேட்டர் பாதி அடைத்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளைந்து, லேத்தில் மட்டமாக ஃபேஸிங் போட்டு, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டைப் புதிதாக வைத்துக் கொடுத்தேன். பாதிப் பணம் என் பையிலிருந்து போனது.

சந்தேகமிருந்தால் டீ போடும் பாத்திரம் போதும். தெர்மோஸ்டாட்டைக் கம்பியில் கட்டி, அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். 82 என்று பொறித்திருந்தால் அதையொட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

போர்வெல் தண்ணீர்

ரேடியேட்டரில் ஊற்ற வேண்டாம். உப்பு படியும்.

மூடியை மறப்பது

ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது, கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) சீக்கிரம் கொதிக்கும். எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பது 0.9, 1.1 என்று மேலே எழுதியிருக்கும். அதே எண் வாங்குங்கள்.

எப்போது சூடாகிறது என்று கேட்காதது

ஹைவேயில் வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் என்று தேடலாம். கூலண்ட் குறைந்துகொண்டே இருந்து, வெளியே கசிவும் இல்லை, காலையில் ஸ்டார்ட் செய்ததுமே கூலண்ட் டேங்கில் விடாமல் குமிழி வருகிறது என்றால் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம் வையுங்கள். சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடினால் இறங்குகிறதா? முதலில் ஃபேனைப் பாருங்கள்.

பையனை ஓனரிடமே கேட்கச் சொன்னேன். “கத்திப்பாரா பக்கம் டிராஃபிக்ல நின்னா மட்டும்தான் தம்பி” என்றார். ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே கருகியிருந்தது.