சோசலிசம் நல்லதா கெட்டதா என்று வாதாடுவது எப்படி

யாராவது பேச்செடுத்தால் உடனே பதில் சொல்லாதீர்கள், எந்த சோசலிசம் என்று முதலில் கேளுங்கள். ஒருவர் மனதில் ஸ்டாலின் காலத்து சோவியத் இருக்கும், எதிரே இருப்பவர் மனதில் ஸ்வீடன் இருக்கும், ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். ஸ்வீடனில் கம்பெனிகள் பெரும்பாலும் தனியார் கையில்தான் இருக்கின்றன, வரியும் நலத்திட்டங்களும்தான் பெரிது. அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், பாதியில் மாற்றக் கூடாது.

எதிர்த்துப் பேசுபவரா? சோவியத்தின் 1932-33 பஞ்சத்தையும் சிறை முகாம்களையும் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அதோடு நிறுத்தினால் "அது சர்வாதிகாரத்தின் குற்றம்" என்று எளிதாகத் தப்பித்துவிடுவார்கள். (வேலை, தானியம், பத்திரிகை எல்லாம் அரசின் ஒரே கையில் இருந்தால் எதிர்க்கட்சிக்காரன் எங்கே போய்ச் சாப்பிடுவான் என்று அங்கேயே கேட்கலாம்.) என்னைக் கேட்டால் இதைவிட வலுவான வாதம் விலை பற்றியது. இயந்திரத்துக்கும் மூலப்பொருளுக்கும் சந்தையே இல்லை, அதனால் விலையும் இல்லை என்றால் எதை எங்கே செலவிடுவது லாபம் என்று திட்டமிடுபவருக்கு எப்படித் தெரியும் என்று 1920-லேயே ஆஸ்திரியப் பொருளாதார அறிஞர் லுட்விக் வான் மீசஸ் கேட்டார். சோவியத்தில் சரவிளக்கு உற்பத்தி இலக்கை டன் கணக்கில் வைத்தார்கள், தொழிற்சாலைகளும் இலக்கை எட்டுவதற்காக விளக்கைக் கனமாக்கிக்கொண்டே போயின. இதைக் குறை சொன்னது எதிரி நாட்டுக்காரர் இல்லை, சோவியத் தலைவர் குருஷேவ்தான்!

ஆதரித்துப் பேசுபவரா? சோவியத் விட்ட முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஒரே இலக்கில் மொத்தப் பணத்தையும் கொட்ட அரசால் முடியும் என்பதற்குத்தான் அது சாட்சி, கடையில் செருப்பு கிடைத்ததா என்பதற்கு இல்லை. பிரிட்டனின் பொது மருத்துவ சேவையைச் சொல்லுங்கள். 1948 ஜூலை 5 முதல் மருத்துவரைப் பார்க்கக் காசு வேண்டாம், மூக்குக்கண்ணாடியும் பல் செட்டும்கூட இலவசம் என்றதும் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகக் கூட்டம் வந்தது, அதாவது அதுவரை அத்தனை பேர் கண் மங்கலாகவே காலம் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் கதையைப் பாதியில் விடாதீர்கள். செலவு எகிறியது, கொரியப் போருக்கும் பணம் தேவைப்பட்டது, 1951-இல் கண்ணாடிக்கும் பல் செட்டுக்கும் கட்டணம் என்றார்கள், திட்டத்தைக் கொண்டுவந்த அன்யூரின் பெவனே அதை எதிர்த்து அமைச்சர் பதவியை விட்டார். எதிர்த் தரப்பு இதை எடுத்துப் போடுவதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம், "உண்மையான சோசலிசம் எங்கும் வரவே இல்லை" என்று ஒருவர் சொல்வார். சரி, அப்படியென்றால் உண்மையான முதலாளித்துவமும் எங்கும் வரவில்லை என்று இன்னொருவர் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் மாட்டார். ஒப்பிடும்போதும் இதே கறார் வேண்டும்: 1950-களின் ரஷ்யாவை அன்றைய அமெரிக்காவோடு மட்டும் வைத்துப் பார்க்காமல் ஜார் மன்னர் காலத்து ரஷ்யாவோடும் வைத்துப் பாருங்கள், அதே ஜார் நாடு வேறு வழியில் போயிருந்தால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்ற கேள்வியையும் கூடவே வையுங்கள்.