மாத போட்டோ வேட்டை: செங்கோட்டைப் பக்கம் நாம் செய்கிற தவறுகள்

போட்டோ வேட்டையில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. மாதம் பிறந்ததும் ஒரு பட்டியல் வரும். பத்துச் சொல் இருக்கலாம், கூடக் குறையவும் இருக்கலாம். ‘வட்டம்’, ‘மஞ்சள்’, ‘எல்லை’, ‘காத்திருப்பு’ என்று போய், கடைசியில் பெரும்பாலும் ‘உங்கள் விருப்பம்’ என்று முடியும். மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். பட்டியலைக் கையில் கொடுத்துத் தேட விடும் இந்த ஆட்டத்தை 1930களில் நியூயார்க் விருந்துகளில் பிரபலமாக்கியவர் எல்சா மேக்ஸ்வெல் என்ற அம்மாள். அன்றைக்கு விருந்தாளிகள் பொருளையே தூக்கிக்கொண்டு வர வேண்டும். இன்றைக்குப் போன் இருந்தால் போதும், யார் வீட்டுச் சாமானிலும் கை வைக்க வேண்டியதில்லை.

செங்கோட்டை, தென்காசி, புளியரை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆரியங்காவு, தென்மலை என்று எங்கள் வட்டாரத்திலும் இதை விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வருகிற படங்களைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. போன் சரியில்லாமல் கெடுகிற படம் குறைவு. சொல்லை அரைகுறையாகப் படித்துவிட்டு ஓடுவதால் கெடுவதுதான் அதிகம்.

முதலில் தோன்றியதையே எடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தண்ணீர்’ என்று வந்தால் குற்றாலம். ‘வட்டம்’ என்றால் பரோட்டா. ஆகஸ்டில் ‘மஞ்சள்’ வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம், எல்லா வண்டியும் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்திக் காட்டுக்குத்தான். உங்களுக்கு முதலில் தோன்றுவது மற்றவர்களுக்கும் முதலில் தோன்றும். அதை ஒரு தாளில் குறித்து ஓரமாக வையுங்கள். அடுத்தது என்ன, அதற்கடுத்தது என்ன என்று ஒரு நாள் மனதில் போட்டு வைத்தால் நல்லதாக ஒன்று வரும்.

‘எல்லை’ என்ற சொல்லையே பார்ப்போம். கேட்டதும் புளியரை தாண்டி மேலே ஏறி, கோட்டைவாசலில் வரவேற்புப் பலகையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பலகை சொல்லுக்குப் பொருந்தும், மறுப்பதற்கில்லை. ஆனால் செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நடுவில் பிரானூர் இருக்கிறதே! 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் பிரிக்கப்படும்வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. அன்றைய எல்லை பிரானூரில். எல்லை மேற்கே மலைக்குப் போய் இத்தனை வருடம் ஆகியும் ஊர் வாயில் அது இன்னும் ‘பார்டர்’தான். பஸ்ஸில் ‘பார்டர் ஒண்ணு’ என்றால் கண்டக்டர் மறுபேச்சில்லாமல் டிக்கெட் கிழிப்பார். பலகையும் கிடையாது, செக்போஸ்ட்டும் கிடையாது. எல்லையே இல்லாத அந்த பார்டர் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கிற நாலு பேர், பின்னால் ஒரு மரக்கடை. ‘எல்லை’க்கு என் ஓட்டு அந்தப் படத்துக்குத்தான்.

மரக்கடை என்றதும் இன்னொன்று. பிரானூரில் சாலையோரம் அறுப்பு மில்லும் மரக்கிடங்கும் வரிசையாக இருக்கின்றன. தினமும் கடந்து போகிறவர்கள் ஒருமுறை இறங்கி, அடுக்கிக் கிடக்கும் தடிகளின் வெட்டுமுகத்துக்கு அருகில் போய்ப் பாருங்கள். நடுவிலிருந்து விரிந்து வரும் வளையம், அதன் மேல் பெயின்டில் எழுதிய எண், ஓரத்தில் காய்ந்து கீறிய வெடிப்பு, வெடிப்புக்குள் அடைந்த மரத்தூள். ‘வட்டம்’, ‘எண்’, ‘வயது’, ‘கோடு’ என நாலு சொல் ஒரே தடியில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே படத்தை நாலு சொல்லுக்கும் அனுப்பலாமா என்று கேட்காதீர்கள். ஒரு படம் ஒரு சொல்லுக்கு என்பதுதான் பெரும்பாலும் விதி. விதியைப் படிக்காமல் அனுப்பிவிட்டு அப்புறம் சண்டை போடுவது தனிப் பிரச்சினை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ‘மௌனம்’ என்ற சொல்லுக்குப் பூட்டிய கதவு ஒன்றை எடுத்து, கீழே ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதுவது. ஒரு வரியில் புரியவில்லையென்றால் அந்தப் படம் அந்தச் சொல்லுக்கு இல்லை.

எடுக்கிற பொருளைப் பற்றிக் கொஞ்சமாவது விசாரிக்காமல் எடுப்பதும் சங்கடம்தான். ‘பழமை’ என்று வந்தால் தென்காசி காசி விஸ்வநாதர் கோவில் ராஜகோபுரம் கட்டாயம் வரும். கோவில் பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது, சரி. ஆனால் கோபுரம் வெகுகாலம் சிதைந்து மொட்டையாக நின்றது. இன்று நாம் அண்ணாந்து பார்க்கிற கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது 1990-இல். ‘பழமை’யை விட ‘மீண்டும்’ என்ற சொல்லுக்கு அது எவ்வளவு நன்றாகப் பொருந்தும்!

இனி வெளிச்சம். நம் ஊர்க்காரர்கள் அதிகம் கோட்டை விடுவது இதில்தான். வாரம் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி ஒரே மூச்சில் எல்லாச் சொல்லையும் முடித்துவிடலாம் என்று நினைப்பு. பத்துப் படமும் ஒரே வெயிலில், ஒரே முகத்தோடு வந்து நிற்கும். அது போதாதென்று மலை வேறு மேற்கே நிற்கிறது. காலையில் வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து நேராக மலையில் விழும், ஒவ்வொரு மடிப்பும் தெரியும். மத்தியானத்துக்கு மேல் சூரியன் மலைப்பக்கம் போய்விடும். பச்சை போய் வெறும் சாம்பல் சுவர்தான் மிச்சம். சாயங்காலம் மஞ்சள் வெயிலில் எடுக்கலாம் என்று போன் செயலியில் அஸ்தமன நேரம் பார்த்துக் காத்திருந்தால் ஏமாற்றம்தான், அதற்கு முன்னாலேயே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியிருக்கும். மலையைத் தாண்டித் தென்மலைப் பக்கம் போனால் கதை தலைகீழ். அங்கே காலை வெயில் தாமதமாக வரும், சரிவில் நல்ல வெளிச்சம் பிற்பகலில்தான்.

சூரியகாந்தியும் இதே கணக்குத்தான். மொட்டாக இருக்கும்போதுதான் அது சூரியனோடு திரும்பும். நன்றாக மலர்ந்த பூ கிழக்கு பார்த்து நின்றுவிடும். ஆக, பூவின் முகமும் பின்னால் மலையும் சேர்ந்து வேண்டுமென்றால் காட்டின் கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பார்த்து எடுக்க வேண்டும், அதுவும் காலையில். சாயங்காலம் போகிறவர்களுக்கு நிழல் விழுந்த முகமும் வெளுத்த வானமும்தான் கிடைக்கும். பிறகு போனைக் குறை சொல்லுவார்கள். வரப்பில் நின்று எடுங்கள், உள்ளே இறங்கிச் செடியை மிதிக்காதீர்கள். உங்களுக்கு ‘மஞ்சள்’, விவசாயிக்கு அது மகசூல்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல். மேகம் மூடிய நாளில் வெளிச்சம் மிருதுவாக இருக்கும். முகங்களுக்கும் இலைகளுக்கும் அதுபோல் வேறு வெளிச்சம் அமையாது. ‘மழை விடட்டும்’ என்று மாதத்தைப் போக்கிவிடாதீர்கள். லென்ஸை மட்டும் அடிக்கடி பருத்தித் துணியால் துடையுங்கள். ஈர விரலால் துடைத்தால் விளக்கெல்லாம் கோடு இழுக்கும்.

கூச்சத்தாலும் அவசரத்தாலும் வரும் தவறுகள் இன்னொரு வகை. சந்தையில், டீக்கடையில் ஆட்களைத் தூரத்திலிருந்து ஜூம் பண்ணித் திருட்டுத்தனமாக எடுப்பது. போனில் ஜூமை இழுக்க இழுக்கப் படம் பிசிறடிக்கும், பார்க்கிறவர் முகமும் சுளிக்கும். பக்கத்தில் போய் ‘அண்ணாச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமா?’ என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். ஆரியங்காவு பக்கம் ‘சேட்டா, ஒரு போட்டோ எடுத்தோட்டே?’ போதும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். கேட்டதும் சட்டையைச் சரிசெய்து விறைப்பாக நிற்பாரே, அந்தப் படத்தை எடுத்துக் காட்டிவிட்டு, அவர் வேலைக்குத் திரும்பியபின் அடுத்ததை எடுங்கள். அருவியில் குளிக்கிறவர்களை எடுக்கவே கூடாது. ‘தண்ணீர்’ என்று பட்டியல் சொன்னது அதற்கு அனுமதி இல்லை. கோவிலுக்குள் செல்போன் கூடாது என்பதை அமல்படுத்தச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. கோபுரத்தை வெளியே நின்று எடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ரயில் விஷயத்தில் இளவட்டங்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. செங்கோட்டை–புனலூர் பாதை 1904-இல் போட்ட மலைப்பாதை. அகலப் பாதையாக மாறி 2018-இல் முழுசாகத் திறந்தார்கள். கழுதுருட்டிக்குப் பக்கத்தில் பதிமூன்று கண் பாலம் ‘வளைவு’, ‘வரிசை’, ‘பாலம்’ என்று எந்தச் சொல்லுக்கும் ஈடு கொடுக்கும். அதற்காகத் தண்டவாளத்தில் ஏறி நிற்பது ரயில்வே சட்டப்படி குற்றம். 147-ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். தேவையும் இல்லை. தேசிய நெடுஞ்சாலை 744 பாலத்துக்கு அருகிலேயே போகிறது. ரயில் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, சாலையோரம் வண்டியை ஒதுக்கி நின்றால் கண்கள் மொத்தமும் கிடைக்கும்.

கடினமான சொல்லைக் கடைசிக்குத் தள்ளுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘மஞ்சள்’ எந்தத் தெருவிலும் கிடைக்கும், ‘காத்திருப்பு’ அப்படி இல்லை. புளியரை மேட்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்பதோ, கார்த்திகை பிறந்ததும் மாலை போட்ட சாமிகள் பஸ் ஸ்டாண்டில் இருமுடியோடு உட்கார்ந்திருப்பதோ நீங்கள் நினைத்த அன்றைக்கு நடக்காது. அதுபோன்ற சொற்களை மட்டும் போன் முகப்பில் எழுதி வைத்துக்கொண்டு, பால் வாங்கப் போகும்போதும் கண்ணைத் திறந்து வையுங்கள். ‘உங்கள் விருப்பம்’ என்பதைக் கழிவுப் படத்துக்கான பெட்டியாகப் பார்க்கிறவர்களும் உண்டு. எந்தச் சொல்லிலும் அடங்காத, ஆனால் அந்த மாதத்தில் மட்டுமே எடுத்திருக்கக்கூடிய ஒன்றுக்காக அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பதே எனக்குப் பிடிக்கும்.

கேலரியைத் தோண்டிப் போன வருடக் கல்யாணப் படத்தை எடுத்துப் போடுவதும், ஏஐயிடம் சொல்லிப் படம் வரவழைப்பதும் ஆட்டத்தையே கெடுத்துவிடும். அந்த மாதம் எடுத்த படம்தான் என்ற விதி இருந்தால் படத்துக்குள் பதிவாகியிருக்கும் தேதியைச் சிலர் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்த விவரம் கழன்றுவிடும், படமும் சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் இரண்டும் அப்படியே போய்ச் சேரும். எடுத்த இடமும் சேர்ந்து போய்விடும் என்பதால், வீட்டுக்குள் எடுத்த படமென்றால் லொக்கேஷனை முதலிலேயே நீக்கிவிட்டு அனுப்புங்கள்.