பள்ளிக்கரணை ஓரத்தில் புதிதாகக் கட்டடம் வருகிறதா? முதலில் புல எண்ணைப் பிடியுங்கள்

தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி லாரி லாரியாக மண் கொட்டுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் படம் வரும், குரூப்பில் எல்லோரும் கொதிப்பார்கள், மறுநாள் அடங்கிவிடும். ஆனால் மண் வந்து இறங்கும்போது பெரும்பாலும் அனுமதி எல்லாம் கையெழுத்தாகிப் பல மாதம் ஆகியிருக்கும். அதனால் காகிதத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

"ரேடியல் ரோடு பக்கத்தில் ஏதோ ஒரு கம்பெனி" என்று எழுதும் மனு எந்த மேசையிலும் நிற்காது. வருவாய் கிராமம் (பள்ளிக்கரணையா, பெரும்பாக்கமா, சோழிங்கநல்லூரா), புல எண் (சர்வே நம்பர்), உட்பிரிவு எண், இந்த மூன்றும் வேண்டும். அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு (நிலம் எந்த வகை என்று சொல்லும் வருவாய்ப் பதிவேடு), எஃப்எம்பி என்கிற புல வரைபடம் எல்லாம் வீட்டிலிருந்தே எடுக்கலாம். அ-பதிவேட்டில் கழுவெளி (சதுப்பு), புறம்போக்கு என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பட்டா இருக்கிறதே, இனி என்ன செய்ய முடியும் என்று விட்டுவிடாதீர்கள். 2022ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது சுமார் 1,248 ஹெக்டேர். காப்புக்காடாக வனத்துறை கையில் இருப்பது அதில் ஒரு பகுதிதான். மீதியில் பட்டா நிலங்களும் வருகின்றன, தகராறே அங்கேதான். அப்புறம் கூகுள் எர்த்தில் பழைய படங்களுக்குப் போய், அதே இடம் 2005ல், 2015ல் எப்படி இருந்தது என்று தேதியோடு சேமித்து வையுங்கள். தண்ணீர் நின்ற இடம் படத்தில் தெரிந்தால் பிறகு யாரும் "இது வறண்ட நிலம்" என்று சொல்ல முடியாது.

அடுத்தது சுற்றுச்சூழல் அனுமதி. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வாங்கியே ஆக வேண்டும், அந்த விண்ணப்பம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடக்கும். இந்த வகைக் குடியிருப்புத் திட்டங்களுக்குப் பெரும்பாலும் பொதுமக்கள் கருத்துக்கேட்பே கிடையாது, ஆகவே யாரும் வந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லப்போவதில்லை, நீங்களாகத்தான் அவ்வப்போது போய்த் தேட வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும், எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். சதுப்பு நிலத்துக்கு எவ்வளவு தூரம் என்று எழுதியிருக்கிறார்கள், மழைநீர் எங்கே போகிறது, தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்துகிறார்கள், இந்த மூன்றை மட்டும் பாருங்கள்.

அந்த மூன்றாவதில், தரைமட்டத்தை உயர்த்துவதில்தான் விஷயம் இருக்கிறது. தாழ்வான இடத்தில் கட்ட நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று (என்ஓசி) வாங்குவார்கள், அதில் மனையை வெள்ள மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் நிரப்ப வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். சரி, அவர்கள் மனை தப்பித்தது. அங்கே நின்றுகொண்டிருந்த தண்ணீர்? பக்கத்துத் தெருவுக்கு வரும். தென்சென்னையின் பல ஏரிகளின் உபரிநீர் இந்தச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய்த்தான் கடலைச் சேர வேண்டும். நடுவில் மேடு கட்டினால் என்ன ஆகும் என்பது 2015லும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் அனுபவத்தில் கூழைக்கடாவையும் பூநாரையையும் பற்றி எழுதினால் அதிகாரிகள் புன்னகைப்பார்கள், தண்ணீர் எந்தத் தெருவுக்கு வரும் என்று எழுதினால் கோப்பைத் திறப்பார்கள். பறவைகளை விட்டுவிடச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் காலையில் போய்ப் பார்த்ததை ஈபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் தேதியோடு பதிந்து வையுங்கள், நீலத்தாழைக் கோழி கோரைக்குள் கூடு கட்டியிருக்கும் இடம் "தரிசு நிலம்" ஆகிவிடாது.

விண்ணப்பத்தில் இல்லாதவற்றுக்கு ஆர்டிஐ போடுங்கள். 10 ரூபாய், 30 நாள். "திட்டம் பற்றிய விவரம் தேவை" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இந்தப் புல எண்ணுக்கான தடையின்மைச் சான்றின் நகல், கள ஆய்வு அறிக்கையின் நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), நீர்வளத் துறை, மாநில ஈரநில ஆணையம் மூன்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் உங்களுக்கு நல்லதுதான்.

மனுவில் சட்டத்தைப் பெயர் சொல்லியே எழுதுங்கள். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளின் 4ஆம் விதி, ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதையும் குப்பை கொட்டுவதையும் தடுக்கிறது. கடந்த பத்து ஆண்டின் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்கிறது. ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய அனுமதி தரக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025ல் உத்தரவிட்டது. இன்றைக்கு அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேற்கோள் காட்டுங்கள், ஏனென்றால் எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் பார்த்திருப்பார்.

ராத்திரியில் ரப்பிஷ் கொட்டினால் இடத்தையும் நேரத்தையும் படத்திலேயே பதிக்கும் ஜிபிஎஸ் மேப் கேமரா செயலியில் படம் எடுங்கள், லாரி எண் தெரியட்டும், ஆனால் தனியாகப் போகாதீர்கள், டிரைவரிடம் வாயைக் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம். ஓரங்கள் சென்னை, செங்கல்பட்டு இரண்டு மாவட்டத்திலும் வருவதால் எந்த ஆட்சியர் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தீர்ப்பாயம். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள்தான், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. இழப்பீடு கேட்காத மற்ற மனுக்களுக்குப் பொதுவாக ஆறு மாதம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இருந்தாலும் முதல் தடவை சுற்றுச்சூழல் வழக்கு நடத்திய ஒருவரிடம் மனுவைக் காட்டிவிட்டுத் தாக்கல் செய்யுங்கள், அனுமதி வெளியான தேதியைக் காட்டும் பரிவேஷ் பக்கத்தின் அச்சுநகலை மறக்காமல் இணைத்து.