மாத்திரை போட்டாயிற்று, வழியை அடைத்தாயிற்றா?

குழந்தை தூங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஆசனவாயைச் சொறிந்துகொண்டு புரண்டு புரண்டு படுக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு சென்டிமீட்டர் நீள வெள்ளை நூல்போல ஏதோ நெளிகிறது. கீரிப்பூச்சி. பெண் பூச்சி முட்டையிடுவதற்காகவே இரவில் வெளியே வருகிறது. மறுநாள் அந்தக் குழந்தைக்கு மட்டும் ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு வீடு நிம்மதியாகிவிடும். ஒரே மாதத்தில் அரிப்பு திரும்பும். பழி மாத்திரையின் தலையில் விழும்.

மாத்திரை தன் வேலையைச் செய்துதான் இருக்கும். அது கொல்வது பூச்சியை, முட்டையை அல்ல. நகக்கண்ணிலும் போர்வையிலும் உள்ளாடையிலும் ஒட்டிய முட்டைகள் சில மணி நேரத்திலேயே தொற்றக்கூடியவையாகி, இரண்டு மூன்று வாரம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் 2 வாரம் கழித்து இரண்டாவது தவணை, அதுவும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நாளில். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே கொடுக்க வேண்டும். காலையில் குளியல், ஒட்ட வெட்டிய நகம், வெந்நீரில் துவைத்த விரிப்பு. விரிப்பை உதறாதீர்கள், முட்டைகள் அறை முழுவதும் பரவும்.

சானிடைசர் போதும் என்று நினைப்பதும் தவறுதான். புழு முட்டையின் தடித்த மேலோட்டை ஆல்கஹால் ஒன்றும் செய்வதில்லை. சோப்பும் அதைக் கொல்வதில்லை, ஆனால் தேய்த்துக் கழுவும்போது முட்டை கையை விட்டுப் போய்விடுகிறது. நமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இன்னொரு குழப்பம், எல்லாப் புழுவும் வாய் வழியாகவே வருகிறது என்பது. கொக்கிப்புழுவின் இளம்புழு மண்ணில் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது. பிறகு குடலில் தங்கி இரத்தம் உறிஞ்சுகிறது. காரணம் தெரியாத இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டு, செருப்பில்லாமல் நடப்பவர்கள் உண்டு. உருண்டைப்புழு வேறு ரகம். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டை இடும். அவை மண்ணில் சில வாரம் பக்குவப்பட்ட பிறகே தொற்றும். அதனால் பச்சைக் காய்களில் ஒட்டிய மண்ணைக் கழுவுவது வெறும் சுத்தம் மட்டுமல்ல.

“நான் இறைச்சியே தொடுவதில்லை, நாடாப்புழு எனக்கு எப்படி வரும்?” என்று கேட்பவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை. சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றவரின் குடலில் புழு வளரும். அவருடைய மலத்திலிருந்து முட்டை இன்னொருவரின் வாய்க்குப் போனால், அந்த இன்னொருவரின் தசையிலும் மூளையிலும் நீர்க்கட்டிகள் உருவாகும். கழுவாத கை பரிமாறிய சைவ உணவே அதற்குப் போதும். மூளைக்கட்டியின் முக்கிய அறிகுறி வலிப்பு. வலிப்பு உள்ளவர் தாமாகப் புழு மாத்திரை போட்டுக்கொள்வது ஆபத்து. கட்டிக்குள் இருக்கும் இளம்புழு சாகும்போது வீக்கம் கூடி வலிப்பு மோசமாகலாம்.

மலேரியாவில் தவறு வேறு விதம்: காய்ச்சல் விட்டதும் மாத்திரையையும் விட்டுவிடுவது. வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து எழும். அதைக் கொல்லும் பிரைமாகுயினை, இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு, வழக்கமாக 14 நாள் கொடுப்பார்கள். யானைக்கால் நோய்க்கோ, “எனக்குத்தான் வீக்கம் இல்லையே” என்று, ஊரில் எல்லோருக்கும் கொடுக்கும் தடுப்பு மருந்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. வீக்கம் இல்லாதவரின் இரத்தத்திலும் நுண்புழுக்கள் சுற்றலாம். கொசு அங்கிருந்துதான் எடுத்துச் செல்கிறது.

குடிநீர் வழியாக உடலுக்குள் போகும் ஒரு நீளப் புழுவால் வரும் நரம்புச் சிலந்தி என்ற நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, கொல்லும் மாத்திரையும் இல்லை. 1986இல் ஏறத்தாழ 35 லட்சம் பேருக்கு இருந்தது. இப்போது உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சில பேருக்கே வருகிறது. புழு காலைப் பொத்துக்கொண்டு வெளிவரும்போது எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைக் குளத்தில் வைப்பார். அந்த நொடியில் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் கொட்டும். நோய் இவ்வளவு குறைந்தது வழியை அடைத்ததால்தான்: அவரைக் குளத்தில் இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள், குடிக்கும் நீரைத் துணியில் வடிகட்டினார்கள்.