ஓவன் இல்லாமல் ஹாலோவீன் இனிப்புகள்: எட்டுக்கால் பூச்சி, கண்விழி, பூசணி

அக்டோபர் 31 நெருங்கும்போது டொராண்டோ, நியூ ஜெர்சி, லண்டன் பக்கம் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே கேள்வி: "நாம என்ன செய்யப் போறோம்?" ஓவன் வேண்டாத மூன்று இனிப்புகள் இங்கே. சமையலில் புதியவர்களும் ஒரு மாலையும் அடுத்த நாள் காலையும் ஒதுக்கினால் முடித்துவிடலாம். பிசைவது, உருட்டுவது, கண் வைப்பது எல்லாம் பிள்ளைகள் வேலை. சூடான பாத்திரம் மட்டும் பெரியவர் கையில்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இவை வீட்டு விருந்துக்கும் நண்பர்களுக்கும்தான். ஹாலோவீன் மாலையில் வேஷம் போட்டு, கதவைத் தட்டி இனிப்புக் கேட்டு வரும் பிள்ளைகளின் பையில் வீட்டில் செய்த இனிப்பைப் போடாதீர்கள். யார் செய்தது, என்ன சேர்த்தது என்று தெரியாததைப் பெற்றோர் தூக்கி எறிந்துவிடுவார்கள். வாசலுக்குக் கடையில் வாங்கிய, உறை பிரிக்காத இனிப்புதான் சரி. பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால் முன்கூட்டியே ஆசிரியரிடம் கேளுங்கள். வீட்டுப் பலகாரத்தையே அனுமதிக்காத பள்ளிகள் நிறைய உண்டு. வேர்க்கடலை, முந்திரி ஒவ்வாமைதான் காரணம். வீட்டு வாசலில் நீலப்பச்சை நிறம் பூசிய பூசணி இருந்தால், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இனிப்பல்லாத சிறு பரிசுகள் அங்கே கிடைக்கும் என்று அர்த்தம். 2014 முதல் அமெரிக்கா முழுவதும் பரவிய வழக்கம் அது.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்

சைவக் குடும்பங்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். சாதாரண மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும். அமெரிக்காவில் அது பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்தது. கம்மி புழுக்களிலும், கேண்டி கார்ன் எனும் மூவண்ணச் சோள மிட்டாயிலும் ஜெலட்டின் வழக்கமாக உண்டு. சிவப்பு நிற மிட்டாயில் 'கார்மைன்' அல்லது 'ஈ120' என்று போட்டிருந்தால் அந்தச் சிவப்பு ஒரு பூச்சியிலிருந்து வந்தது. சைவர்களுக்கு வீகன் மார்ஷ்மெல்லோ, பன்றி மட்டும் வேண்டாதவர்களுக்கு ஹலால் மார்ஷ்மெல்லோ என்று இரண்டும் தனியாகக் கிடைக்கின்றன.

வெள்ளை சாக்லேட் வாங்கும்போதும் கவனம் வேண்டும். பாக்கெட்டில் 'வொயிட் சாக்லேட்' என்ற சொல் இருந்தால் அதில் கோகோ வெண்ணெய் இருக்கும், நன்றாக உருகும். 'வொயிட் சிப்ஸ்' என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் வேறு கொழுப்பில், சூட்டிலும் வடிவம் கலையாமல் இருப்பதற்காகச் செய்தது. எவ்வளவு சூடாக்கினாலும் களி மாதிரி நிற்கும். முதல் முறை செய்கிறவர்களுக்கு எங்கள் சிபாரிசு, முக்கி எடுப்பதற்கென்றே விற்கும் காம்பவுண்ட் சாக்லேட் அல்லது கேண்டி மெல்ட்ஸ். ருசியில் ஒரு படி கீழேதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பதம் பார்க்க வேண்டியதில்லை, பதினைந்து நிமிடத்தில் இறுகிவிடும், மேலே சாம்பல் கோடு விழாது.

சாக்லேட் உருக்கும் பக்குவம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். முக்கி எடுக்கும் இனிப்பில் தப்பு நடந்தால் அது அனேகமாக இந்த இடமாகத்தான் இருக்கும்.

200 கிராம் சாக்லேட்டைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, நன்றாகத் துடைத்த கண்ணாடிக் கிண்ணத்தில் போடுங்கள். மைக்ரோவேவைப் பாதி பவரில் வைத்து 30 விநாடி. வெளியே எடுத்துக் கிளறுங்கள். திரும்ப 30 விநாடி, திரும்பக் கிளறல். முக்கால்வாசி உருகியதும் நிறுத்திவிடுங்கள். மிச்சக் கட்டிகள் கிண்ணத்தின் சூட்டிலேயே கரையும், ஒரு நிமிடம் கிளறினால் போதும். முழுசாக உருகட்டும் என்று உள்ளேயே விட்டால் நடுவில் கருகிவிடும். டார்க் சாக்லேட் 50 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். வெள்ளையும் மில்க் சாக்லேட்டும் 45ஐத் தாண்டினால் மணல் மணலாகிவிடும், அதற்கு மீட்சி கிடையாது.

தண்ணீர்தான் பெரிய எதிரி. ஈரக் கரண்டி, கழுவித் துடைக்காத ஸ்ட்ராபெர்ரி, பிள்ளையின் ஈரக் கை, எதிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் வழவழப்பாக இருந்த சாக்லேட் சட்டென்று இறுகிக் கட்டிதட்டும். சாக்லேட்டில் உள்ள சர்க்கரைத் துகள்கள் ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது இது. அப்படி ஆனதை முக்குவதற்குப் பயன்படுத்த முடியாது. ஆனால் கொட்டிவிடாதீர்கள். சூடான பால் ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் கலக்கினால் ஐஸ்கிரீம் மேல் ஊற்றிக்கொள்ள நல்ல சாஸ் ஆகிவிடும்.

கெட்டியாக இருக்கிறது என்று வெண்ணெய் சேர்க்காதீர்கள். வெண்ணெயிலும் தண்ணீர் இருக்கிறது. வாசனையில்லாத தேங்காய் எண்ணெய் ஒரு டீஸ்பூன் விட்டால் இளகும். கேக்குக்குச் சேர்க்கும் சாதாரணத் திரவக் கலரும் இதே காரணத்தால் சாக்லேட்டுக்கு ஆகாது. எண்ணெயில் கரையும் கலர் அல்லது பொடிக் கலர் வாங்குங்கள்.

எட்டுக்கால் பூச்சி (சுமார் 20)

ஓரியோ பிஸ்கட் 18, கிரீம் சீஸ் 115 கிராம், முக்குவதற்கு டார்க் சாக்லேட் 200 கிராம், மெல்லிய பிரெட்செல் குச்சி (உப்புத் தூவிய மொறுமொறு பிஸ்கட் குச்சி) ஒரு பாக்கெட், சர்க்கரைக் கண்கள் 40.

கிரீம் சீஸ் கட்டியாக விற்பதை வாங்குங்கள். டப்பாவில் வரும், ரொட்டியில் தடவுகிற வகை இளக்கமாக இருப்பதால் உருண்டை நிற்காது. அதுதான் கிடைக்கிறது என்றால் மேலே நிற்கும் நீரை வடித்துவிட்டு 100 கிராம் மட்டும் எடுங்கள்.

1. கிரீம் சீஸை அரை மணி நேரம் வெளியே வையுங்கள். குளிர்ந்த சீஸ் பிஸ்கட் தூளோடு கலக்காமல் வெள்ளைத் திட்டுத் திட்டாக நிற்கும்.

2. பிஸ்கட்டை நடுக் கிரீமோடு ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, பூரிக்கட்டையால் அடித்து உருட்டச் சொல்லுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஏற்ற வேலை. புட்டு மாவைப் போல நொறுங்க வேண்டும். பெரிய துண்டு இருந்தால் உருண்டை அந்த இடத்தில் பிளக்கும்.

3. தூளையும் சீஸையும் கையால் பிசையுங்கள். வெள்ளைத் தடம் தெரியாமல், சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக வரும்.

4. கலவையை 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, 15 கிராம் அளவில், அதாவது பெரிய நெல்லிக்காய் அளவில் உருட்டுங்கள். பிள்ளைகளின் உள்ளங்கை சூட்டில் ஐந்தாறு உருண்டைக்குள் மாவு ஒட்ட ஆரம்பிக்கும். குளிர்ந்த நீரில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி உருட்டலாம்.

5. பட்டர் பேப்பர் விரித்த தட்டில் அடுக்கி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். ஃப்ரீசரில் கல்லாக்கிவிடாதீர்கள். கடுங்குளிர் உருண்டை மேல் சூடான சாக்லேட் பட்டதும் ஓடு சட்டென்று சுருங்கும். பிறகு உள்ளே இருப்பது குளிர் விட்டு விரியும்போது மேல்தோல் வெடிக்கும்.

6. ஐந்து ஐந்தாக வெளியே எடுத்து, ஃபோர்க்கின் மேல் வைத்துச் சாக்லேட்டில் முக்கி, ஃபோர்க்கைக் கிண்ண விளிம்பில் நாலு தட்டுத் தட்டி, அடியை வழித்துவிட்டுப் பேப்பரில் இறக்குங்கள். தட்டாமல் வைத்தால் அடியில் குளம் கட்டி நிற்கும். பாதி வேலையில் சாக்லேட் கெட்டியானால் பயப்பட வேண்டாம், குளிர்ந்த உருண்டைகள் சூட்டை இழுத்துவிட்டன. பாதி பவரில் 15 விநாடி போதும்.

7. சாக்லேட் இறுகுவதற்குள் கண்ணும் காலும். இதற்கு நேரம் கம்மி. ஒருவர் முக்க, இன்னொருவர் கண் வைக்க, மூன்றாமவர் கால் செருக என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிரெட்செல் குச்சியை இரண்டாக ஒடித்து, பக்கத்துக்கு நான்காகச் செருக வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கு எத்தனை கால் என்று சொல்லித்தர வேண்டியதில்லை, பெயரிலேயே இருக்கிறது. இருபதுக்கும் 80 குச்சி ஆகும். உடைவது போக 100 வைத்துக்கொள்ளுங்கள். ஓடு இறுகிவிட்டால் பல்குச்சியால் துளை போட்டு, சாக்லேட்டில் தொட்ட குச்சியைச் செருகலாம்.

பிரெட்செல் ஈரத்தை இழுத்து நமுத்துப்போகும் என்பதால், உருண்டை பிடிப்பதை முந்தின நாளும், முக்கிக் கால் வைப்பதைப் பரிமாறும் நாளும் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்விழி லட்டு (சுமார் 20)

இது நம் தேங்காய் லட்டுதான், வேஷம் மட்டும் வேறு. ஜெலட்டினும் இல்லை, சாக்லேட்டில் முக்கும் தலைவலியும் இல்லை. முதல் தடவை செய்கிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம் என்பது எங்கள் கட்சி.

இனிப்புச் சேர்க்காத, பொடியான உலர் தேங்காய்த் துருவல் 200 கிராம். கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், கிட்டத்தட்ட அரை டின். ஏலக்காய்த் தூள் கால் டீஸ்பூன். கருவிழிக்கு நீலம், பச்சை சாக்லேட் பட்டன்கள். நரம்புக்குக் கொஞ்சம் சிவப்பு ஜெல் கலர். புதுத் தேங்காய் துருவிப் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அடுப்பில் வைத்து ஈரம் போக்காமல் செய்வதால் உருண்டை தளர்ந்துபோகும், மறுநாளே ஊசிவிடும்.

துருவலில் கண்டென்ஸ்டு மில்க்கை முக்கால்வாசி மட்டும் முதலில் ஊற்றிப் பிசைந்து, மூடி 15 நிமிடம் விடுங்கள். உலர்ந்த துருவல் மெதுவாகத்தான் பாலை இழுக்கும். அதன்பின் ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால் ஒவ்வொரு ஸ்பூனாக மிச்சத்தைச் சேருங்கள். கையை விட்டு வராமல் ஒட்டினால் ஒரு ஸ்பூன் துருவல். கிண்ணத்திலேயே முழுசையும் ஊற்றிவிட்டுப் பிறகு தவிப்பதற்கு இது மேல்.

20 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, உருட்டிய கையோடு பட்டனை நடுவில் பாதி ஆழம் அழுத்துங்கள். காய்ந்த பிறகு அழுத்தினால் ஓரம் வெடிக்கும். கருமணிக்குப் பட்டன் மேல் உருக்கிய சாக்லேட்டை ஒரு பொட்டு. ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து மேல்பக்கம் உலர்ந்தபின், பல்குச்சி முனையில் சிவப்பு ஜெல் தொட்டு, விளிம்பிலிருந்து விழியை நோக்கி வளைவளைவாக நாலு கோடு இழுக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது வரைந்தால் சிவப்புப் பரவி, மொத்தமும் ரோஜா நிறமாகிவிடும். கோடு கோணலாக வந்தால் இன்னும் பயமாக இருக்கும், பிள்ளைகளைத் திருத்தாதீர்கள்.

பொரிப் பூசணி (சுமார் 12)

அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பழகின இனிப்பு இது. பொரியரிசி சீரியலை உருக்கிய மார்ஷ்மெல்லோவில் புரட்டும் இந்த முறையை கெல்லாக்ஸ் நிறுவனத்தில் 1939இல் உருவாக்கினார்கள். கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடித்தவர்களுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிடும்: வெல்லப்பாகு செய்யும் வேலையை மார்ஷ்மெல்லோ செய்கிறது. பாகு பதம் பார்க்கும் சிரமம் மட்டும் இல்லை.

வெண்ணெய் ஒன்றரை டேபிள்ஸ்பூன், மார்ஷ்மெல்லோ 140 கிராம், சீரியல் 3 கப். சீரியலுக்குப் பதில் நம் அரிசிப் பொரியும் போடலாம். அதை வெறும் வாணலியில் நாலு நிமிடம் வறுத்து ஆறவைத்துப் போட்டால்தான் மொறுமொறுப்பாக நிற்கும்.

வெண்ணெயை மிகச் சிறு தீயில் உருக்கி, மார்ஷ்மெல்லோ போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். கட்டி கரைந்ததும் தீயை அணைத்துவிடுங்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஆறியபின் பல் உடைகிற மாதிரி ஆகும். வீகன் வகை உருக நேரமெடுக்கும், இடையில் ஒரு நிமிடம் மூடி வையுங்கள். ஆரஞ்சு வேண்டுமென்றால் மஞ்சள் கலர் மூன்று பங்கு, சிவப்பு ஒரு பங்கு. இங்கே ஜெல் கலர் பரவாயில்லை, சாக்லேட் இல்லையே. பொரியைக் கொட்டிப் புரட்டி, மூன்று நான்கு நிமிடம் ஆறவிடுங்கள். உருகிய மார்ஷ்மெல்லோ கையில் ஒட்டினால் உதறினாலும் போகாது, அப்படியே சுட்டுவிடும். பெரியவர் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகே பிள்ளைகள் கை வைக்கட்டும்.

கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு எலுமிச்சை அளவில் லேசாக உருட்டுங்கள். பொரி உருண்டைக்கு அழுத்துகிற மாதிரி அழுத்தினால் கெட்டிப்பட்டுப் போகும். ஸ்பூன் காம்பால் மேலிருந்து கீழாக ஐந்தாறு பள்ளம் போட்டால் பூசணி வரி. உச்சியில் ஒடித்த பிரெட்செல் துண்டு காம்பாகும்.

இனிப்பே அதிகமாகிவிட்டது என்று தோன்றினால் தட்டின் ஓரத்தில் தோலுரித்த மாண்டரின் ஆரஞ்சுகளை வைத்து, நடுவில் இரண்டு சென்டிமீட்டர் செலரித் தண்டைச் செருகிவிடுங்கள். அதுவும் பூசணிதான்.

வயதும் பத்திரமும்

நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழு மார்ஷ்மெல்லோ, சர்க்கரைக் கண், பிரெட்செல் துண்டு கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கும். ஐந்து முதல் ஏழு வயதுவரை உருட்டவும் கண் வைக்கவும் விடலாம். எட்டு வயதுக்கு மேல், பெரியவர் பக்கத்தில் நிற்க, சாக்லேட்டில் முக்கலாம்.

எட்டுக்கால் பூச்சியில் கிரீம் சீஸ் இருப்பதால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் நாலு நாள் தாங்கும். கண்விழி ஃப்ரிட்ஜில் ஒரு வாரம். பொரிப் பூசணியை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், கல்லாகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே இரண்டு நாள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறந்தால் மேலே நீர் முத்து கோர்த்து, சர்க்கரைக் கண்ணின் மை வழிந்து பூச்சிகள் அழுவது போல இருக்கும். மூடியபடியே இருபது நிமிடம் விட்டுத் திறங்கள். சாக்லேட் கிண்ணத்தை அப்படியே சிங்க்கில் கழுவாதீர்கள், கொழுப்பு குழாய்க்குள் இறுகி அடைத்துக்கொள்ளும். முதலில் பேப்பரால் வழித்துக் குப்பையில் போடுங்கள். வழிக்க விரல்கள் தயாராக நிற்கின்றன என்றால் பேப்பருக்கும் வேலை இருக்காது.