பனித்தளம் இல்லாத ஊரில் ஃபிகர் ஸ்கேட்டிங்: டெல்டாவில் இருந்தபடியே தொடங்குவது எப்படி?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை எங்கே தேடினாலும் பனித்தளம் கிடையாது. ஆனாலும் பதின்மூன்று வயதுப் பிள்ளையோ நாற்பது வயதுக்காரரோ ஃபிகர் ஸ்கேட்டிங் பழக நினைத்தால், ஆரம்பப் பாடத்தில் பெரும்பகுதியை இங்கேயே சக்கரத்தில் முடித்துவிடலாம். எப்படி என்பது பனி ஸ்கேட்டின் பூட்ஸுக்கு அடியில் இருக்கும் பிளேடைத் திருப்பிப் பார்த்தால் புரியும்.

பிளேடு சுமார் 4 மி.மீ. அகலம். அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவில் வாய்க்கால் போலக் குழிந்து, இரண்டு ஓரத்திலும் வரப்பு போல விளிம்பு நிற்கும். பெருவிரல் பக்கம் இருப்பது உள் விளிம்பு, சுண்டுவிரல் பக்கம் இருப்பது வெளி விளிம்பு. ஸ்கேட்டர் ஏதாவது ஒரு விளிம்பில் சாய்ந்து வளைவாகத்தான் போவார். டோ லூப், சால்கோ, லூப், ஃபிளிப், லட்ஸ், ஆக்செல் என்ற ஆறு தாவல்களில் ஆக்செல் மட்டும்தான் முன்னோக்கிக் கிளம்புவது. இறங்குவது என்னவோ ஆறுமே பின்னோக்கி, ஒற்றைக்காலில், வெளி விளிம்பில்தான். அதனால் ஒற்றைக்காலில் சாய்ந்தபடி வளைவாகப் போகத் தெரிவதுதான் இந்தக் கலையின் அடித்தளம். அதற்குப் பனி வேண்டியதில்லை. நல்ல தரையும் சரியான ஸ்கேட்டும் போதும்.

முதலில் ஸ்கேட்

முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு சக்கரம் கொண்ட குவாட் ஸ்கேட்டையே சொல்கிறோம். கணுக்காலை மூடும் உயரமான பூட்ஸ் அதோடு சேர்ந்தே இருக்க வேண்டும். செருப்புக்கு மேல் வாரால் கட்டி, நீட்டிக் குறுக்கும் இரும்புத் தட்டு ஸ்கேட் சின்னப் பிள்ளைகளுக்கானது. பெரியவர்கள் எடையில் தட்டு நெளியும், கணுக்காலுக்குப் பிடிப்பே இருக்காது. ஒரே வரிசையில் மூன்று சக்கரமும் முன்னால் ரப்பர் முனையும் கொண்ட இன்லைன் ஃபிகர் ஸ்கேட் பனிக்கு மிக நெருக்கமானது என்றாலும், முதல் ஆறு மாதம் குவாட்டில் பழகிவிட்டு அதற்குப் போவதே நல்லது.

பாதத்தை மாலையில் அளந்துகொள்ளுங்கள். பகல் வெயிலில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், பூட்ஸ் தாங்க வேண்டியது அந்த அளவைத்தான். பூட்ஸ் மாட்டி நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முட்டியை மடக்கினால் சற்றே பின்வாங்க வேண்டும். குதிகால் தூக்கினால் அந்த அளவு வேண்டாம். மெல்லிய சாக்ஸ் ஒன்று போதும். தடித்த சாக்ஸ் போட்டுப் பெரிய பூட்ஸை நிரப்புவதுதான் கொப்புளத்துக்கு முதல் காரணம். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ஒவ்வொரு முறை கழற்றியதும் பாதத்தைப் பார்த்துவிட வேண்டும்.

லேஸ் கட்டுவதில் மூன்று பகுதி உண்டு. விரல் பக்கம் தளர்வாக இருக்கட்டும். பாதம் கணுக்காலோடு மடியும் இடத்தில்தான் இறுக்கம் முழுவதும் வேண்டும். மேலே உள்ள கடைசி இரண்டு கொக்கியில் ஒரு விரல் நுழையும் அளவு விட்டுவிடுங்கள். மேலேயும் இறுக்கினால் கணுக்கால் முன்னால் மடியாது, முட்டியும் மடியாது, உடம்பு இடுப்பில் குனிந்துகொள்ளும்.

சக்கரத்தின் கடினத்தை ஏ அளவில் எழுதியிருப்பார்கள், எண் கூடினால் கடினம் கூடும். சொரசொரப்பான சிமெண்டுக்கு 78ஏ முதல் 85ஏ வரை, வழுவழுப்பான மொசைக்குக்கு 88ஏ பக்கம் எடுக்கலாம். 95ஏக்கு மேல் போனால் பாலிஷ் போட்ட கிரானைட்டில் வழுக்கும். சக்கர நட்டை முழுக்க இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்தினால், சக்கரம் தடையில்லாமல் சுற்றும். அடித்தட்டுக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு ரப்பர் புஷ் இருக்கும். பூட்ஸைச் சாய்த்தால் சக்கரம் அந்தப் பக்கம் திரும்ப வைப்பது அதுதான். சக்கரத்தில் விளிம்பு என்று சொல்வது இந்தச் சாய்வைத்தான். கடையில் அதை இறுக்கமாகவே வைத்துத் தருவார்கள். முதல் மாதம் அப்படியே இருக்கட்டும், விளிம்புப் பயிற்சி தொடங்கும்போது அரைச் சுற்று தளர்த்துங்கள்.

ஹெல்மெட், முட்டிக் கவசம், மணிக்கட்டுக் கவசம் மூன்றும் கட்டாயம். பெரியவர்கள் விழும்போது கை தானாகவே தரையைத் தேடிப் போகும். அதில் முதலில் முறிவது மணிக்கட்டு. துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். பேன்ட்டின் கால் பகுதி சக்கரத்தில் சிக்காத அளவுக்கு ஒட்டியிருக்கட்டும்.

தரை எங்கே கிடைக்கும்?

டெல்டாவில் இதற்கு வழி இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். மேனேஜரிடம் சக்கரத்தைக் காட்டி, தரையில் கீறல் விழாது என்று ஓட்டியும் காட்டிக் கேட்டுப் பாருங்கள். பந்தி நடக்கும் ஹாலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அதனால் மேல் ஹாலே நல்லது. பத்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலமும் இருந்தால் போதும்.

சிமெண்டு நெற்களம் அறுவடை இல்லாத நாட்களில் காலியாகத்தான் கிடக்கும். ஆனால் மழைநீர் வடிய அதில் வாட்டம் விட்டிருப்பார்கள். ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் அந்தக் களம் முதல் மாதத்துக்கு ஆகாது. பள்ளிக்கூடக் கூடைப்பந்து மைதானம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் வேறில்லை.

எந்த இடமானாலும் முதல் வேலை பெருக்குவது. தென்னந்துடைப்பத்தால் ஒருமுறை, பூந்துடைப்பத்தால் ஒருமுறை. ஒற்றை நெல்மணி சக்கரத்துக்கு முன்னால் அகப்பட்டால் போதும், ஸ்கேட் அங்கேயே நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னால் போகும். ஆடிக் காற்றில் ஆற்றுப் பக்கத்து ஊர்களில் பெருக்கிய தரையிலும் பத்து நிமிடத்தில் மணல் படியும், அதனால் இடையிலும் ஒருமுறை பெருக்குங்கள். மார்கழிக் காலையில் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் பனி காயும்வரை காத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

சக்கரம் மாட்டுவதற்கு முன் இரண்டு வாரம்

வெறுங்காலில் ஒற்றைக்காலில் நில்லுங்கள், முட்டி லேசாக மடிந்திருக்க, முப்பது விநாடி. பிறகு மறுகால். தினமும் பல் தேய்க்கும்போதே இதைச் செய்துவிடலாம். அடுத்து, சுவரிலிருந்து பத்து செ.மீ. தள்ளிப் பெருவிரலை வைத்து, குதிகால் எழாமல் முட்டியால் சுவரைத் தொட முயலுங்கள். தொட முடியவில்லை என்றால் கணுக்கால் இறுகியிருக்கிறது, தினமும் இதையே இருபது முறை செய்யுங்கள்.

பரதம் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரைமண்டியில் முட்டி இரண்டு பக்கமும் விரியும். ஸ்கேட்டிங்கில் முட்டி நேர் முன்னால், பெருவிரலுக்கு மேல் வர வேண்டும். அரைமண்டிப் பழக்கத்தில் முட்டி வெளியே போனால் எடை கால் ஓரத்துக்குப் போய்விடும், ஸ்கேட் நேராக ஓடாது. மற்றபடி தொடை பலமும் நிமிர்ந்த முதுகும் பெரிய சொத்து. இடுப்பிலிருந்து கால் திரும்பும் அந்தப் பழக்கம் பின்னால் மோஹாக் திருப்பத்தில், அதாவது ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறியபடி திரும்புவதில், கைகொடுக்கும்.

விழுவதையும் இப்போதே பழகுங்கள். கோடையில் ஆற்று மணல் இதற்கு அருமையான இடம், இல்லாவிட்டால் இரண்டு பாயை அடுக்கிப் போடலாம். முட்டியை மடக்கித் தாழுங்கள், ஒரு பக்கமாகச் சரியுங்கள், பிட்டத்தின் சதைப்பக்கம் முதலில் தரையைத் தொடட்டும். கையை மூடி மார்போடு வைத்துக்கொள்ளுங்கள், தாடை நெஞ்சைத் தொட்டிருக்கட்டும். நேர் பின்னால் உட்கார்ந்தால் வால் எலும்பில் அடிபடும். எழும்போது இரண்டு முட்டியும் தரையில் ஊன்றி, ஒரு பாதத்தை முன்னால் வைத்து, அந்த முட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தி எழுங்கள்.

சக்கரத்தில் முதல் மாதம்

வாரம் மூன்று நாள், நாற்பத்தைந்து நிமிடம் போதும். முதல் நாள் புல்தரையில் அல்லது தேங்காய்நார் மிதியடியில் நின்று பழகுங்கள். குதிகால் சேர்ந்து விரல்கள் விரிய நின்று, அறுவடை முடிந்த வயலில் மேயும் வாத்து போல, காலைத் தூக்கித் தூக்கி வையுங்கள். பிறகு தரையில் அதே நடை எட்டு அடி, உடனே இரண்டு காலும் இணையாக வைத்து உருள விடுவது. உருளும்போதே முட்டியை மடக்கி நிமிருங்கள்.

அடுத்து ஸ்விசில், அதாவது இரண்டு காலும் தரையை விடாமல் மீன் வடிவம் வரைவது. விரலை வெளியே திருப்பி, முட்டியை மடக்கி அழுத்தினால் கால்கள் விரியும். தோள் அகலத்துக்கு வந்ததுமே விரலை உள்ளே திருப்பி முட்டியை நீட்டினால் கால்கள் சேரும். விரிந்துகொண்டே போய்ச் சேர்க்க முடியாமல் நின்றால், விரலைத் தாமதமாகத் திருப்புகிறீர்கள் என்று அர்த்தம்.

நிற்பதற்குக் குவாட்டின் முன்னால் உள்ள ரப்பர் கட்டையை நம்பாதீர்கள். இது முக்கியம். பனி பிளேடில் அந்த இடத்தில் இருப்பது ரம்பம் போன்ற முன்பல். அது பிரேக் இல்லை. கட்டையை உரசி நிற்கும் பழக்கத்தோடு பனிக்குப் போனவர் முன்பல்லை ஊன்றி முகம் குப்புற விழுவார். அதனால் முதல் நாளிலிருந்தே டி ஸ்டாப். ஒரு காலில் முட்டி மடக்கி உருளுங்கள்; மறுகாலை அதன் பின்னால் குறுக்காக வைத்துச் சக்கரங்களை லேசாக உரச விடுங்கள். எடை முன்காலிலேயே இருக்கட்டும். பின்காலுக்குப் போனால் உடம்பு சுழன்றுவிடும்.

வட்டமும் எட்டும்

1990 வரை உலகப் போட்டிகளில் ஸ்கேட்டர்கள் பனியில் எட்டு வடிவம் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. அதன்பின் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள், ஆனால் விளிம்பு பழக அதைவிட நல்ல வழி இன்னும் இல்லை. வாசலில் சிக்குக் கோலம் போட்டுப் பழகிய கண்ணுக்கு இது சுலபமாகப் பிடிபடும். இங்கே புள்ளிகளுக்குப் பதில் இரண்டு வட்டம், கைக்குப் பதில் கால்.

ஒரு வட்டத்தின் விட்டம் உங்கள் உயரத்தைப் போல மூன்று மடங்கு. உயரம் 1.6 மீட்டர் என்றால் ஒன்றரை மடங்காக 2.4 மீட்டர் கயிறு வெட்டி, ஒரு நுனியை ஒருவர் தரையில் அழுத்திப் பிடிக்க, மறுநுனியில் சாக்கட்டியைக் கட்டிச் சுற்றுங்கள். அதை ஒட்டியே அடுத்த வட்டம். கோலமாவு வேண்டாம், சக்கரத்தடியில் வழுக்கும்.

இரண்டு வட்டமும் தொடும் இடத்தில் நில்லுங்கள். வலது காலின் வெளி விளிம்பில் தொடங்கினால், வட்டத்தின் மையம் உங்கள் வலப்பக்கம். வலது கை முன்னால், இடது கை பின்னால். இடது பாதத்தின் உள்பக்கத்தால் தரையைத் தள்ளிவிட்டு, அந்தக் காலை அப்படியே பின்னால் நீட்டி வையுங்கள். கணுக்காலிலிருந்து தலைவரை ஒரே கோடாக மையத்தை நோக்கிச் சாயுங்கள். பாதி வட்டத்தில் இடது காலை மெதுவாக முன்னால் கொண்டுவாருங்கள், கைகளும் இடம் மாறட்டும். வட்டம் முடிந்து தொடங்கிய இடத்துக்கே வந்ததும் இடது காலில் மறு வட்டம்.

முதல் நாள் கால் வட்டம்கூட வராது. ஒரு மாதத்தில் அரை வட்டம் வந்தால் நல்ல முன்னேற்றம். கோட்டை விட்டு வெளியே போகிறீர்கள் என்றால் இடுப்பு மட்டும் மடிந்திருக்கிறது, கணுக்கால் சாயவில்லை. உள்ளே சுருண்டால் தூக்கிய கால் வீசிப்போய் உடம்பைத் திருப்புகிறது. தடுமாறித் தடுமாறி நேராகப் போனால் தரையைப் பார்க்கிறீர்கள். கண் எப்போதும் கோட்டின் மேல், கால்பங்கு வட்டம் முன்னால் இருக்க வேண்டும். உள் விளிம்புக்கும் இதே எட்டுதான். வலது கால் என்றால் மையம் இடப்பக்கம் வரும், அவ்வளவே.

எட்டு ஓரளவு வந்தபிறகு த்ரீ டர்ன். வெளி விளிம்பில் முன்னோக்கிப் போய், ஒரே காலில் மையத்தை நோக்கித் திரும்பி, உள் விளிம்பில் பின்னோக்கிப் போவது. தரையில் விழும் தடம் 3 போல இருக்கும். தோள் முதலில், இடுப்பு அடுத்து, பாதம் கடைசியில். பாதத்தை முதலில் திருப்புபவர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள். திரும்பும் நொடியில் முட்டியை நீட்டி எடையை முன் சக்கரங்களுக்குக் கொடுங்கள், திரும்பியதும் மறுபடி மடக்கித் தோளை எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்துங்கள். பிடிக்காவிட்டால் சுழற்சி நிற்காது.

தாவலைத் தரையில், ஸ்கேட் இல்லாமல் பழகுங்கள். சக்கரத்தில் அவசரம் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே ஓட்டி பேரிங் நனைந்துவிட்டால் அன்றே கழற்றுங்கள். இரண்டு பூட்ஸுக்கும் சேர்த்துப் பதினாறு இருக்கும். மண்ணெண்ணெயில் அலசி, நன்றாக உலரவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் பசை விட்டு அடித்தோல் பெயரும்.

பனிக்குப் போகும்போது

வட்டத்தில் இரண்டு காலிலும் அரை வட்டமாவது உறுதியாக வந்தபிறகு பயணத்தைத் திட்டமிடுங்கள். டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காகக் கட்டிய பனித்தளம் இருக்கிறது. சிம்லாவின் திறந்தவெளித் தளம் குளிர்காலத்தில் மட்டும்தான். எங்கே போவதானாலும் கிளம்புமுன் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: தளம் இன்று திறந்திருக்கிறதா, உண்மைப் பனியா பிளாஸ்டிக் பலகையா, வாடகைக்கு ஃபிகர் ஸ்கேட் உண்டா ஹாக்கி ஸ்கேட் மட்டுமா. பிளாஸ்டிக் தளத்தில் பிளேடு இழுக்கும், விளிம்பும் சீக்கிரம் மழுங்கும். ஹாக்கி ஸ்கேட்டில் முன்பல் இருக்காது.

வாடகை ஸ்கேட்டை வாங்கியதும் கட்டைவிரல் நகத்தைப் பிளேடின் விளிம்பில் குறுக்காக, மென்மையாக இழுத்துப் பாருங்கள். நகம் மெல்லிய துகளாகச் சீவி வந்தால் கூர் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் வேறு ஜோடி கேளுங்கள். மழுங்கிய பிளேடில் விளிம்பு பிடிக்காது. அது உங்கள் குறை என்று நினைத்து ஒரு மணி நேரத்தை வீணாக்கிவிடுவீர்கள். கைக்கு மெல்லிய கையுறை, மேலே முழுக்கைச் சட்டை இருக்கட்டும்.

பனியில் முதல் பத்து நிமிடம் சக்கரத்தில் செய்ததையே வரிசையாகச் செய்யுங்கள்: வாத்து நடை, உருளல், ஸ்விசில், டி ஸ்டாப். எல்லாம் சக்கரத்தைவிட வேகமாகப் போகும், ஏனென்றால் பனியில் உராய்வு மிகக் குறைவு. எடை உள்ளங்காலின் நடுப்பகுதியில் இருக்கட்டும். விரல் பக்கம் சாய்ந்தால் முன்பல் தட்டும். பிறகு வட்டம். கோடு இருக்காது, ஆனால் நீங்கள் போன தடம் பனியில் தெரியும், திரும்பி வந்து பாருங்கள். ஒற்றைக் கோடாக இருந்தால் விளிம்பில் போயிருக்கிறீர்கள். நெருக்கமாக இரட்டைக் கோடு தெரிந்தால் பிளேடு நிமிர்ந்து தட்டையாக ஓடியிருக்கிறது, இன்னும் சாய வேண்டும்.

சொந்த பிளேடு வாங்கியவர்கள் பனியை விட்டு இறங்கியதும் உலர்ந்த துணியால் துடைத்து, திருகு இருக்கும் இடுக்கு வரை ஈரம் எடுத்து, துணி உறையில் போடுங்கள். கடினமான பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும்தான். அதற்குள்ளேயே வைத்து ஊருக்கு எடுத்து வந்தால் நம் டெல்டாவின் ஈரக்காற்றில் சீக்கிரமே துரு ஏறிவிடும். வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்து, லேசாக எண்ணெய் தடவி வையுங்கள்.