பிளைவுட் சுவருக்குத் துணி: அயர்ன் பாக்ஸ் முறை

என் தம்பி வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போக, இரண்டு பேர் படுக்கிற அளவுக்கு ஒரு கேம்பிங் ட்ரெய்லரைச் சொந்தமாகக் கட்டினான். உள்சுவர் முழுக்க 6 மி.மீ. பிளைவுட். எட்டடிக்கு நாலடி ஷீட் ஒன்று, அப்படியே ஒரு பக்கச் சுவர். “அக்கா, ரெக்சின் அடிச்சு உட்றலாமா?” என்று கேட்டான். வெயிலில் நிற்கிற வண்டிக்குள் ரெக்சின் வாடையோடு யார் படுப்பது? துணி ஒட்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஈரோட்டில் திரைச்சீலையும் சோபா உறையும் தைப்பது என் தொழில். அவனுடைய நண்பர்கள் இப்போது எப்படி ஒட்டினீர்கள் என்று கேட்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இது.

எல்லோரும் முதலில் கேட்பது எந்தப் பசை என்றுதான். நான் துணியிலிருந்து தொடங்குவேன். சுவரில் துணி சுருங்கினாலும் குமிழி விட்டாலும் பழி பசைமேல் விழுகிறது, ஆனால் பாதிக்கு மேல் காரணம் துவைக்காத துணி. பருத்தித் துணி முதல் தண்ணீரில் சுருங்கும், கைத்தறி இன்னும் கொஞ்சம் கூடவே சுருங்கும். வெந்நீரில் ஊறப்போட்டு, அலசி, நிழலில் காயவைத்து, தேய்த்துவிட்டுத்தான் அளவெடுக்க வேண்டும். கடையில் போட்டிருக்கிற கஞ்சியும் அப்போதே போய்விடும். ஈரமாக இருக்கும்போது வெள்ளைத் துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி சுவருக்கு வேண்டாம், தலையணைக்குக்கூட வேண்டாம்.

சென்னிமலைப் போர்வைத் துணி நன்றாகத் தாங்கும். நாங்கள் எடுத்தது கரூர் திரைச்சீலைத் துணி, 54 அங்குல அகலம். துவைத்தபின் 52 நின்றது. சுவர் உயரம் 48 என்பதால் மேலே இரண்டு, கீழே இரண்டு அங்குலம் மிச்சம். அதனால் துணியைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டால் நடுவில் ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக முடிகிறது. ஒரு சுவருக்கு மூன்று மீட்டர் வாங்கினால் சுருங்கியது போகவும் நீளம் போதும். கோடு போட்ட துணியென்றால் இப்படித் திருப்பும்போது கோடும் படுத்துவிடும், அதையும் யோசித்து எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் பின்னாலிருக்கும் விரல் தெரிகிற துணியைத் தவிர்க்கவும்: பசைத் திட்டும் மரத்தின் கறையும் அதில் காட்டிக்கொடுக்கும். வெல்வெட் வேண்டாம், மண் ரோட்டில் போய்வரும் வண்டி அது. பாலியஸ்டர் அதிகம் கலந்த துணி அயர்ன் பாக்ஸ் சூட்டில் இளகிவிடும்.

இனி பசை. சினிமா போஸ்டர் ஒட்டுகிற மைதாப் பசை மலிவு, கையைச் சுடாது, வாடையும் இல்லை. ஆனால் ஈரம் தங்குகிற சின்ன அறையில் பூஞ்சையும் கரப்பானும் அதைத் தேடி வரும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தால் பூச்சி வராது என்பார்கள், ஆனால் அது விஷம். இரவெல்லாம் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சுவரில் எனக்கு அது வேண்டாம். செருப்புக்கும் சன்மைக்காவுக்கும் போடுகிற ரப்பர் பசை, எஸ்.ஆர். 998 மாதிரியானது, பிடிப்பில் கெட்டி. ஆனால் துணி தொட்ட இடத்தில் தொட்டதுதான், நகர்த்த முடியாது. மஞ்சள் கறை மெல்லிய துணியில் ஊறி வெளியே வரும். அதன் ஆவி சீக்கிரம் தீப்பிடிக்கும், மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்து அதைப் பூசுவது உயிரோடு விளையாடுவது. அதனால் தச்சர்கள் போடுகிற வெள்ளைப் பசை, ஃபெவிகால் எஸ்.எச். வகை, எனக்குப் போதும்.

ஈரமாகப் பூசி அதன்மேல் துணியை விரிப்பதுதான் பொதுவாகச் செய்வது. நான் அப்படிச் செய்வதில்லை. ஈரம் பட்ட துணி இழுபடும், காய்ந்ததும் திரும்பச் சுருங்கும், பசை நெசவுக்குள் ஏறி வெள்ளைத் திட்டாக நிற்கும். வெள்ளைப் பசைக்கு ஒரு குணம் உண்டு: காய்ந்தபின்னும் சூடு பட்டால் இளகும், ஆறினால் மறுபடி இறுகும். அதனால் பசையை மரத்தில் பூசி முழுக்கக் காயவிட்டு, காய்ந்த துணியை அதன்மேல் வைத்துத் தேய்த்தே ஒட்டிவிடலாம்.

பிளைவுட்டை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். ஸ்க்ரூ தலைக் குழிகளைப் பட்டி வைத்து அடைத்துவிடுங்கள், துணிக்கு அடியில் ஒரு மணல் இருந்தாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் பரு மாதிரி தெரியும். பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, ஸ்பான்ஞ் ரோலரால் முதல் கோட். மரம் அதைக் குடித்துவிடும். காய்ந்ததும் தண்ணீர் கலக்காத பசையில் இரண்டாவது கோட், கைத்தறி மாதிரித் தடித்த துணிக்கு மூன்றாவதும். ஓரங்களிலும் ஜன்னலைச் சுற்றியும் தாராளமாகப் பூசுங்கள், உரியத் தொடங்குவது அங்கேதான். வெள்ளையாகப் பூசியது கண்ணாடி மாதிரித் தெளிந்துவிட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அன்றோ மறுநாளோ துணியை ஒட்டிவிட வேண்டும், வாரக்கணக்கில் விட்டால் பிடிப்பு குறையும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் தச்சருக்கும் எனக்கும் சண்டை. அவர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். சக்கரத்தில் நிற்கிற வண்டிக்கு எது நேர்? இன்றைக்குப் பட்டறைத் தரையில் நேராக இருப்பது நாளைக்கு ஏரிக்கரையில் சாயும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் கண், துணியின் கோட்டை ஜன்னல் சட்டத்தோடுதான் ஒப்பிடும். அதனால் ஜன்னலின் மேல்விளிம்புக்கு இணையாகச் சுவர் முழுக்கப் பென்சில் கோடு ஒன்று போட்டு, துணியின் ஒரு இழையை அதோடு பொருத்தினேன். கட்டம் போட்ட துணிக்கு இது கட்டாயம்.

துணியை ஒரு பிவிசி பைப்பில் சுற்றி, மேல் ஓரத்தை நாலைந்து குண்டூசியால் நிறுத்திக்கொள்ளுங்கள். அயர்ன் பாக்ஸ் காட்டன் சூட்டில், ஆவி இல்லாமல். அதை எக்ஸ்டென்ஷன் போட்டு வீட்டு மின்சாரத்தில் ஓட்டுங்கள், ட்ரெய்லர் பேட்டரியில் வைக்காதீர்கள். நடுவில் மேலே தொடங்கி, ஒரு காடாத் துணியை மேலே வைத்து, ஒரு இடத்தில் பத்து எண்ணுகிற வரை அழுத்துங்கள். இழுத்துத் தேய்க்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். அயர்ன் பாக்ஸை எடுத்ததும் அதே இடத்தில் ஒரு வழவழப்பான மரக்கட்டையை அழுத்திப் பிடியுங்கள். பிடிப்பு வருவது சூட்டில் இல்லை, ஆறும்போதுதான். இடது கையில் கட்டை, வலது கையில் பெட்டி என்று ஒரு தாளம் வந்துவிடும், பிறகு வேலை ஓடும். முதலில் ஒரு துண்டுப் பலகையில் செய்து பாருங்கள். ஆறியபின் மூலையைப் பிடித்து இழுத்தால் துணி ‘சர்’ரென்று சத்தம் போட்டு வர மறுக்க வேண்டும். சுலபமாக வந்தால் இன்னொரு கோட் பசை தேவை.

ஜன்னல் ஓட்டையை முன்கூட்டி வெட்டாதீர்கள். அதன் குறுக்கே துணியை ஓடவிட்டு, சுற்றிலும் ஒட்டியபின், வெட்டப்போகிற கோட்டில் கொஞ்சம் வெள்ளைப் பசையை விரலால் தடவிக் காயவிடுங்கள். காய்ந்ததும் புதுப் பிளேடு போட்ட கட்டரால் வெட்டினால் ஒரு இழைகூடப் பிசிறாது, காகிதம் வெட்டிய மாதிரி நிற்கும். தையற்கடையில் ஓரம் அடிக்க நேரமில்லாதபோது செய்கிற வேலை இது. மூலைக்கு மூலை குறுக்கே கீறி, நாலு முக்கோணத்தையும் சட்டத்துக்குள் மடித்து ஒட்டினால் ஜன்னல் பீடிங், அதாவது ஓரத்தில் அடிக்கிற ஒல்லியான பட்டை, மற்றதை மறைத்துவிடும். சுவிட்ச் பெட்டிக்கும் இதேதான். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள்.

கூரைக்கு இந்த முறை உதவாது. அயர்ன் பாக்ஸ் செய்ததை மே மாத வெயில் திருப்பிச் செய்யும்: கதவடைத்து வெயிலில் நிற்கிற வண்டிக்குள் சூடு 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், கூரைத் தகட்டுக்குக் கீழே இன்னும் அதிகம். சுவரில் துணியின் எடை கீழ்நோக்கித் தொங்குவதால் பசை கொஞ்சம் இளகினாலும் மேல் பீடிங் பிடித்துக்கொள்ளும். கூரையில் தொப்பை விழும். அதனால் 4 மி.மீ. பிளைவுட்டைத் தனித்தனிப் பலகையாக வெட்டி, மேலே துணி போர்த்தி, பின்பக்கம் மடித்து ஸ்டேப்ளர் அடித்து, பலகையைக் கூரைச் சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு ஏற்றினோம். நாளைக்கு மின்விளக்கு ஒயரைப் பார்க்க வேண்டுமென்றாலும் ஒரு பலகையைக் கழற்றினால் போதும்.

தரையிலிருந்து நாலு அங்குலத்துக்கு சன்மைக்கா பட்டை வைத்துவிடுங்கள், ஈரக் காலும் பையும் உரசுகிற இடம் அது. அடுப்பு வைக்கிற பின்கதவுப் பக்கம் துணியே கூடாது, அங்கே அலுமினியத் தகடு. ஊட்டி மாதிரிக் குளிரில் இரண்டு பேர் மூச்சுக்காற்றே விடியும்போது ஜன்னல் மூலையில் தண்ணீராக இறங்கும். கூரைக் காற்றுப்போக்கியைக் கொஞ்சம் திறந்து வைத்துப் படுத்தால் துணியில் பூஞ்சைப் புள்ளி வராது. பிளைவுட் வாங்கும்போதே ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளையாகப் பார்த்து வாங்கினால் சுவரும் ஊறாது.

குமிழி எங்காவது எழும்பினால் அந்த இடத்தை மட்டும் மறுபடி தேய்த்து, கட்டை வைத்து ஆறவிடுங்கள். அடங்காவிட்டால் மருந்துக்கடை ஊசியில் தண்ணீர் கலந்த பசையை ஏற்றி, நெசவுக்கு நடுவில் ஒரு துளி விட்டு அழுத்தலாம். டீ கொட்டிய துண்டை மாற்ற வேண்டுமென்றால் பீடிங்கைக் கழற்றி, சூடு காட்டிக்கொண்டே ஒரு மூலையிலிருந்து உரியுங்கள், முழுசாக வந்துவிடும். அதற்காகவே துவைத்த துணியில் அரை மீட்டரை மிச்சம் பிடித்து, படுக்கைக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கிறோம்.